கொழும்பில் ஒரு சிறிய அலுவலகத்துக்கு ரெய்ட்: டிஸ்க் வாங்குவதிலிருந்து பழுதானதை மாற்றுவது வரை

வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோ, கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகம், புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையின் கணக்கறை. பெரும்பாலும் எல்லாக் கோப்பும் ஒரே டிஸ்கில்தான் கிடக்கும். அது ஒருநாள் டிக் டிக் என்று சத்தம் போடத் தொடங்கிய பிறகுதான் ரெய்ட் என்ற பேச்சே எழும். பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க்போல் பாவிப்பதுதான் ரெய்ட். சரியான வகையைப் போட்டால் ஒன்று செத்தாலும் கோப்புகள் பிழைக்கும். லினக்ஸில் இதற்குத் தனிக் கார்ட் தேவையில்லை, மென்பொருளுக்குக் காசும் தேவையில்லை. முக்கியமான கட்டளை ஒன்றே ஒன்று, அதைத் தட்ட ஒரு நிமிடம் போகும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளில்தான் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். நானும் அவற்றை அங்கொன்று இங்கொன்றாகக் கேட்டும் தேடியும்தான் சேர்த்தேன். நீங்கள் அப்படி அலையத் தேவையில்லை.

உபுண்டு அல்லது டெபியன் போட்ட ஒரு கணினி உங்களிடம் இருக்கிறது, கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பயமில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் சொல்) போட வேண்டும். நாம் பாவிக்கப்போகும் கருவி எம்டிஏடிஎம், ஐந்து எழுத்துகள். இல்லாவிட்டால் ஏபிடி மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். கூடவே டிஸ்கைச் சோதிக்க ஸ்மார்ட்மொன்டூல்ஸ், டிஸ்கைப் பிரிக்க ஜிடிஸ்க் என்ற இரண்டு பொதிகளும் வேண்டும்.

## 1. எத்தனை டிஸ்க், எந்த ரெய்ட்

சிறிய அலுவலகத்துக்கு ரெய்ட் 1 போதும். இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே விஷயம். 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டால் 4 டெராபைட் இடம். ஒன்று செத்தாலும் மற்றது முழுதாக இருக்கும். மிக மோசமான நிலையில் அந்த ஒன்றை மட்டும் கழற்றி வேறு லினக்ஸ் கணினியில் கொழுவியும் வாசிக்கலாம்.

கடையில் பலர் ரெய்ட் 5 போடச் சொல்வார்கள். மூன்று டிஸ்கில் இரண்டின் இடம் கிடைக்கும், கணக்குப் பார்த்தால் லாபம்தான். ஆனால் ஒன்று பழுதானதும் மீதி இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்துத்தான் புதியதை நிரப்ப முடியும். அந்த நேரத்தில் இன்னொன்று தடுமாறினால் எல்லாம் போய்விடும். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக இந்த ஆபத்தும் கூடும். 8 டெராபைட் தேவையென்றால் 4 டெராபைட் மூன்றை ரெய்ட் 5இல் போடுவதை விட 8 டெராபைட் இரண்டை ரெய்ட் 1இல் போடுவேன். நான்கு டிஸ்க் வைக்க இடமும் காசும் இருந்தால் ரெய்ட் 6ஐயோ ரெய்ட் 10ஐயோ பாருங்கள், இரண்டிலும் பாதி இடம் கிடைக்கும். ரெய்ட் 0 பக்கம் போகவே வேண்டாம், ஒன்று செத்தால் எல்லாம் சாகும்.

மதர்போர்டின் பயோஸில் ரெய்ட் என்று ஒரு தெரிவு இருக்கும். அதைத் தொடாதீர்கள். அந்த போர்ட் எரிந்தால் அதே வகை இன்னொன்றைத் தேடி அலைய நேரும். யூஎஸ்பி பெட்டிக்குள் போட்ட டிஸ்குகளையும் ரெய்டில் சேர்க்க வேண்டாம். கேபிள் சற்று அசைந்தாலே டிஸ்க் கழன்றதாகக் கணக்காகிவிடும்.

இன்னொன்று. ரெய்ட் காப்புப் பிரதி ஆகாது. யாராவது ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால் அது அந்த நொடியே இரண்டு டிஸ்கிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் வைரஸ் வந்தாலும் இதே கதை. அதனால் வரவுசெலவில் முதலிலேயே மூன்று டிஸ்குக்கு இடம் விடுங்கள்: உள்ளே இரண்டு, வெளியே ஒன்று. அந்த மூன்றாவதைக் கிழமைக்கு ஒருமுறை கொழுவி, பிரதி எடுத்து, கழற்றி வேறு வீட்டில் வையுங்கள்.

## 2. வாங்கும்போது

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடைக்குக் கடை விலை மாறும். முதல் கடையிலேயே வாங்காமல், சொல்லும் விலைக்குள் என்ன அடங்குகிறது என்று கேளுங்கள். வற் 2024 ஜனவரியில் 18 வீதமாகக் கூடியது, சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா? காசுக்கு ஒரு விலை, கார்டுக்கு ஒரு விலை என்றும் சில இடங்களில் உண்டு.

டிஸ்கின் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அது சிஎம்ஆர் வகையா எஸ்எம்ஆர் வகையா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். சிஎம்ஆர் என்பது தடங்களைப் பக்கம் பக்கமாக எழுதும் சாதாரண வகை. எஸ்எம்ஆர் என்பது தடங்களை ஓடு அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் வகை. தனியாகப் பாவிக்க ஒரு குறையும் இல்லை. ரெய்டில் மீள்நிரப்பு (மாற்றிய டிஸ்கை நிரப்புவது) நடக்கும்போது மட்டும் வேகம் தரைமட்டமாகும், சிலவேளை டிஸ்க் வெளியே தள்ளப்படவும் கூடும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அவரை நம்பி வாங்காதீர்கள்.

இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்த டிஸ்குகள் ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பு அதிகம். இரண்டு கடையில் வாங்கலாம், அல்லது இரண்டு தயாரிப்பு. அளவு ஒன்றாக இருந்தால் சரி.

பாவித்த டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். ஒரு வருடம் நிறுத்தாமல் ஓடினால் 8,760 மணித்தியாலம். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, கடையிலேயே கொழுவி ஓடிய மணித்தியாலத்தைக் காட்டச் சொல்லுங்கள். 30,000 தாண்டியிருந்தால் எனக்கு வேண்டாம்.

இனிக் காகிதம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

பில் உங்கள் வியாபாரப் பெயரில் இருக்கட்டும். இரண்டு டிஸ்கின் சீரியல் இலக்கமும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'ஹார்ட் டிஸ்க் 2' என்று மட்டும் எழுதித் தந்தால் பிறகு எது எந்தக் கடையினது என்று வாதாட வேண்டிவரும். வொரண்டி நிபந்தனையைப் பில்லின் பின்பக்கத்தில் வாசியுங்கள். ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று பல கடைகள் போட்டிருக்கும். எரிந்த அடையாளம், துரு, கிழிந்த ஸ்டிக்கர், அடிபட்ட தடம் இருந்தால் வொரண்டி இல்லை என்றும் இருக்கும். கடற்கரைப் பக்கம் அலுவலகம் வைத்திருப்பவர்கள் அந்தத் துரு என்ற சொல்லைக் கவனியுங்கள். உப்புக் காற்று சும்மா விடாது, பெட்டியை யன்னலோரம் வைக்க வேண்டாம். பில் வெப்பத்தில் அச்சாகும் தாளென்றால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள்.

பழுதான டிஸ்கை வொரண்டிக்குக் கொடுக்கும்போது அதிலுள்ள தரவும் சேர்ந்து போகிறது. ரெய்ட் 1இல் ஒவ்வொரு டிஸ்கும் முழுப் பிரதி. வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படங்களோ சம்பளப் பட்டியலோ இருந்தால் இது சிறிய விஷயமில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட தரவு உள்ளவர்கள், ரெய்ட் அமைத்த பிறகு அதன்மேல் லக்ஸ் குறியாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டும் முறை) போட்டு, அதற்கு மேல் கோப்பு முறைமை போடுங்கள், அதாவது ஃபோர்மாட் செய்யுங்கள். பிறகு டிஸ்கைத் தயங்காமல் கடையில் கொடுக்கலாம்.

## 3. டிஸ்க் வாங்கும் முன் காசில்லா ஒத்திகை

இதை மட்டும் தவறவிடாதீர்கள். உண்மையான டிஸ்க் இல்லாமலே முழு வேலையையும் பழகலாம். இரண்டு வெறும் கோப்பை உருவாக்கி, அவற்றை டிஸ்க் என்று லினக்ஸை நம்ப வைப்பதுதான் வழி.

ட்ரன்கேட் -எஸ் 1ஜி ஒன்று.ஐஎம்ஜி
ட்ரன்கேட் -எஸ் 1ஜி இரண்டு.ஐஎம்ஜி
லூசெட்அப் -எஃப் --ஷோ ஒன்று.ஐஎம்ஜி
லூசெட்அப் -எஃப் --ஷோ இரண்டு.ஐஎம்ஜி

கடைசி இரண்டு கட்டளையும் ஆளுக்கொரு பெயரைத் திருப்பித் தரும், /டெவ்/லூப்14, /டெவ்/லூப்15 என்பதுபோல. உபுண்டுவில் ஸ்னாப் பொதிகளும் லூப் பெயர்களைப் பிடித்து வைத்திருப்பதால் உங்கள் இலக்கம் வேறாக இருக்கும். திரையில் வந்ததையே எழுதுங்கள்.

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி9 --லெவல்=1 --ரெய்ட்-டிவைசஸ்=2 /டெவ்/லூப்14 /டெவ்/லூப்15

இப்போது இதில் கோப்பு முறைமை போட்டு, மவுன்ட் செய்து (ஒரு கோப்புறையாகத் திறந்து), சில படங்களைப் பிரதி பண்ணுங்கள். பிறகு ஒரு டிஸ்கை நீங்களே கொல்லுங்கள்:

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி9 --ஃபெயில் /டெவ்/லூப்14

படங்களைத் திறந்து பாருங்கள், எல்லாம் திறக்கும். 'கேட் /ப்ரொக்/எம்டிஸ்டாட்' தட்டினால் [யுயு] என்று இருந்தது [_யு] என்று மாறியிருக்கும். அந்தக் கீழ்க்கோடுதான் செத்த டிஸ்க். இனி --ரிமூவ் போட்டு வெளியே எடுங்கள், --ஆட் போட்டுத் திரும்பச் சேருங்கள், நிரம்புவதைப் பாருங்கள். ஒரு பின்னேரத்தில் பல தடவை செய்யலாம், எதுவும் கெடாது. டிஸ்க் செத்த அன்று கை நடுங்காமல் இருக்க இந்தப் பழக்கம்தான் உதவும்.

முடிந்ததும் மவுன்ட்டை எடுத்துவிட்டு, --ஸ்டொப் போட்டு எம்டி9ஐ நிறுத்தி, லூசெட்அப் -டி (டிடாச் என்பதன் முதல் எழுத்து) போட்டு லூப் இரண்டையும் விடுவித்து, கோப்பை அழியுங்கள்.

## 4. புது டிஸ்கைச் சோதித்து, இலக்கம் ஒட்டுதல்

டிஸ்குகளைக் கொழுவியதும்:

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மொடல்,சீரியல்

லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் நிலையானவை இல்லை. கேபிளை மாற்றிக் கொழுவினாலோ ஒரு யூஎஸ்பியைச் செருகியபடி கணினியைத் தொடக்கினாலோ இடம் மாறலாம். சீரியல் இலக்கம் மாறாது. அதன் கடைசி நான்கு எழுத்தையும் வெள்ளை டேப்பில் பெரிதாக எழுதி, பெட்டியைத் திறந்தவுடன் தெரியும் பக்கத்தில் ஒட்டுங்கள். டிஸ்கின் சொந்த ஸ்டிக்கருக்கு மேல் ஒட்ட வேண்டாம், வொரண்டிக்கு அது வேண்டும். பழுதானது எதுவென்று தெரியாமல் நல்ல டிஸ்கைக் கழற்றுவதுதான் ரெய்ட் 1இல் நடக்கும் மிகப் பெரிய விபத்து. அதைத் தடுப்பது இந்த டேப் துண்டு.

பிறகு நீண்ட சோதனை (இங்கே -டி என்பது டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து):

ஸ்மார்ட்சிடிஎல் -டி லோங் /டெவ்/எஸ்டிபி

4 டெராபைட்டுக்கு ஒரு இரவு போகும். காலையில் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ தட்டி 5, 197, 198 என்ற மூன்று வரியையும் பாருங்கள், அவை டிஸ்கில் கெட்டுப்போன இடங்களைப் பற்றியவை. கடைசி நிரலில் மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். புது டிஸ்கில் இவற்றில் ஒன்று கூடியிருந்தாலும் அன்றே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். வாங்கிய கிழமையில் மாற்றித் தருவது சுலபம், நாள் போனால் வொரண்டிக்கு அனுப்பிக் காத்திருக்கச் சொல்வார்கள். 199ஆம் வரி கேபிளைப் பற்றியது. அது கூடிக்கொண்டே போனால் டிஸ்கைத் திட்டாமல் சாட்டா கேபிளை மாற்றுங்கள்.

## 5. ரெய்டை ஆக்குதல்

சரியான டிஸ்க்தானா என்று சீரியலைத் திரும்பப் பாருங்கள். இங்கிருந்து வருபவை டிஸ்கில் இருப்பதை அழிக்கும். முதலில் ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு பிரிப்பு (பார்ட்டிஷன்) போடுகிறோம், இங்கே -டி என்பது டைப் என்பதன் முதல் எழுத்து:

எஸ்ஜிடிஸ்க் -என் 1:0:-200எம் -டி 1:எஃப்டி00 /டெவ்/எஸ்டிபி
எஸ்ஜிடிஸ்க் -என் 1:0:-200எம் -டி 1:எஃப்டி00 /டெவ்/எஸ்டிசி

கடைசியில் 200 மெகாபைட்டை வேண்டுமென்றே விடுகிறோம். மூன்று வருடம் கழித்து நீங்கள் வாங்கும் 4 டெராபைட் வேறு தயாரிப்பாக இருந்து, சில மெகாபைட் குறைவாக இருந்தாலும் பொருந்தும். இதைச் செய்யாதவர்கள் மாற்று டிஸ்கோடு வந்து, இடம் போதாது என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி0 --லெவல்=1 --ரெய்ட்-டிவைசஸ்=2 --பிட்மேப்=இன்டெர்னல் /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1

கணினி தொடங்கும் டிஸ்காக இது பொருந்தாமல் போகலாம் என்று எச்சரித்து, தொடரவா என்று கேட்கும். இது தரவுக்கான இடம்தான், இயங்குதளம் வேறு டிஸ்கில் இருக்கிறது என்றால் ஆம் என்று சொல்லுங்கள்.

அந்த பிட்மேப் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். டிஸ்கில் எந்தப் பகுதியில் கடைசியாக எழுத்து நடந்தது என்று ஒரு சிறு குறிப்பை அது வைத்திருக்கும். திடீரென்று மின்சாரம் போய் வந்தால், முழு 4 டெராபைட்டையும் ஒப்பிடாமல் குறித்த பகுதியை மட்டும் சரிபார்க்கும்.

## 6. காத்திருக்கும் நேரம்

இரண்டு டிஸ்கையும் ஒன்றாக்க லினக்ஸ் தொடங்கிவிடும். சராசரி வினாடிக்கு 150 மெகாபைட் என்றால் 4 டெராபைட்டுக்கு ஏழரை மணித்தியாலம் அளவில். முதலில் வேகமாகப் போகும், டிஸ்கின் உள்வட்டத்துக்கு வரவர மெதுவாகும். எம்டிஸ்டாட் காட்டும் மீதி நேரத்தை அதனால் அப்படியே நம்ப வேண்டாம். இடையில் டிஸ்கைப் பாவிக்கலாம், மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். முறையாக ஷட்டவுன் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வேலையை வெள்ளி பின்னேரம் தொடங்குங்கள். போயா நாள் சேர்ந்து வரும் வார இறுதி இன்னும் நல்லது. ஆனால் கேபிள், ஸ்க்ரூ எல்லாம் முதலே வாங்கி வையுங்கள், போயாவன்று கடை திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.

ரெய்ட் 5 போட்டவர்கள் தொடக்கத்தில் [யுயு_] என்று பார்த்துப் பயப்படுவார்கள். அதில் கடைசி டிஸ்கை வெளியே வைத்து நிரப்புவதுதான் எம்டிஏடிஎம்மின் வழக்கம். முடிந்ததும் கீழ்க்கோடு போய்விடும்.

## 7. ஒவ்வொரு முறையும் தானாகத் திறக்க

முதலில் ரெய்டின்மேல் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை:

எம்கேஎஃப்எஸ்.ஈஎக்ஸ்டி4 /டெவ்/எம்டி0

இதோடு முடிந்தது என்று கணினியை மூடிவிட்டால் அடுத்த நாள் எம்டி0 காணாமல் போய் எம்டி127 என்று ஒன்று நிற்கும். தரவு பத்திரம்தான், பெயர்தான் மாறிவிட்டது. இப்படி வராமலிருக்க:

எம்டிஏடிஎம் --டீடெய்ல் --ஸ்கேன் | சூடோ டீ -ஏ /ஈடிசி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கொன்ஃப்
அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு

இரண்டாவது வரியைத்தான் எல்லோரும் மறப்பது. முதல் வரியில் -ஏ விடுபட்டால் கோப்பில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதை இரண்டு தடவை ஓட்டினால் ஒரே வரி இரண்டு முறை பதியும், கோப்பைத் திறந்து ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அடுத்து /ஈடிசி/எஃப்எஸ்டேப், கணினி தொடங்கும்போது எவற்றைத் திறக்க வேண்டும் என்ற பட்டியல். இங்கே ஒரு யூயூஐடி (நீளமான அடையாள இலக்கம்) எழுத வேண்டும், குழப்பமும் இங்கேதான். ரெய்டுக்கு ஒரு யூயூஐடி, அதன்மேல் போட்ட கோப்பு முறைமைக்கு வேறொரு யூயூஐடி. எஃப்எஸ்டேப்புக்கு வேண்டியது இரண்டாவது: பிஎல்கேஐடி /டெவ்/எம்டி0 என்று தட்டினால் வருவது. அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், ரெய்ட் ஒருநாள் திறக்க மறுக்கும்போது முழுக் கணினியுமே தொடங்காமல் அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். எழுதி முடித்ததும் மவுன்ட் -ஏ தட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் இப்போதே தெரியட்டும்.

ஈஎக்ஸ்டி4 வழமையாக 5 வீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்குக்கு) ஒதுக்கும். 4 டெராபைட்டில் அது 200 ஜிகாபைட். தரவு மட்டும் வைக்கும் இடத்துக்கு அவ்வளவு தேவையில்லை, டியூன்2எஃப்எஸ் -எம் 1 /டெவ்/எம்டி0 போட்டு ஒரு வீதமாக்குங்கள். 4 டெராபைட் என்று வாங்கினது 3.6 என்று காட்டுவதற்கும் கடைக்குப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கணினி 1,024ஆல்.

இன்னொரு நுணுக்கம், சாதாரண டெஸ்க்டொப் டிஸ்க் வாங்கியவர்களுக்கு. வாசிக்க முடியாத இடம் வந்தால் அந்த வகை டிஸ்க் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸோ 30 வினாடியில் பொறுமை இழந்து டிஸ்கை வெளியே தள்ளிவிடும்.

ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஈஆர்சி,70,70 /டெவ்/எஸ்டிபி

இது 7 வினாடியில் கைவிடச் சொல்கிறது. மின்சாரம் போனால் மறந்துவிடும், ஆகவே தொடங்கும்போது ஓடும் ஒரு ஸ்கிரிப்டில் போடுங்கள். டிஸ்க் இதை ஏற்காவிட்டால் மறுபக்கத்தைக் கூட்டலாம்: /சிஸ்/பிளொக்/எஸ்டிபி/டிவைஸ்/டைம்அவுட் என்ற கோப்பில் 180 என்று எழுதுங்கள்.

## 8. மின்சாரம்

2022இன் நீண்ட மின்வெட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று யூபிஎஸ்ஸை விட்டுவிடாதீர்கள். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின்சாரம் போனது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் வேறு. இரண்டு டிஸ்கும் ஒரே பவர் சப்ளையில்தான் தொங்குகின்றன, மின்னல் வந்தால் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

யூபிஎஸ் வாங்கும்போது பின்னால் யூஎஸ்பி தரவுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், மலிவானவற்றில் இருக்காது. இருந்தால் நட் என்ற மென்பொருளை நிறுவி, பற்றரி குறையும்போது கணினி தானாக மூடும்படி வைக்கலாம். பத்து நிமிடம் தாங்கும் யூபிஎஸ் போதும், அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஆளோ, ஆள் இல்லாத நேரத்தில் நட்டோ கணினியை மூட வேண்டும், அவ்வளவே. யூபிஎஸ் பற்றரி சில வருடத்தில் தேயும், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

## 9. டிஸ்க் செத்தது உங்களுக்குத் தெரிய வேண்டும்

ரெய்ட் 1இல் ஒரு டிஸ்க் செத்தால் ஒன்றும் நடக்காது. கோப்புகள் வழமைபோல் திறக்கும், யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் சாகும் நாளில்தான் முதலாவது பல மாதத்துக்கு முன்பே போய்விட்டது தெரியவரும்.

எம்டிஏடிஎம்.கொன்ஃப் கோப்பில் மெயில்அட்ரஸ் வரி ஒன்று இருக்கும் (பெரிய எழுத்தில் எம்ஏஐஎல்ஏடிடிஆர்). அதில் உங்கள் மின்னஞ்சலைப் போடுங்கள். கணினியிலிருந்து அஞ்சல் வெளியே போக எம்எஸ்எம்டிபி போன்ற ஒன்று வேண்டும். ஜிமெயில் வழியாக அனுப்பினால் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் எடுக்க வேண்டும். பிறகு:

எம்டிஏடிஎம் --மொனிட்டர் --ஸ்கேன் --வன்ஷொட் --டெஸ்ட்

அஞ்சல் வந்து சேரும்வரை இந்தப் படியை முடித்ததாக எண்ண வேண்டாம். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

டெபியனும் உபுண்டுவும் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டி இரண்டு டிஸ்கையும் ஒப்பிட்டுச் சோதிக்கும் வழக்கம் உண்டு. அன்று காலை கணினி மெதுவாக இருந்தால் காரணம் அதுதான், நிறுத்த வேண்டாம். ஞாயிறன்று கணினியை மூடி வைப்பவர்கள், மாதத்தில் ஒரு இரவு கையால் தொடக்குங்கள்: /சிஸ்/பிளொக்/எம்டி0/எம்டி/சின்க்_அக்ஷன் என்ற கோப்பில் செக் என்று எழுதினால் போதும்.

## 10. செத்த டிஸ்கை மாற்றுதல்

அஞ்சல் வந்துவிட்டது, எம்டிஸ்டாட்டில் கீழ்க்கோடு தெரிகிறது. முதல் வேலை, மிஞ்சிய டிஸ்கில் உள்ளதை வெளி டிஸ்குக்குப் பிரதி எடுப்பது. இனி அந்த ஒன்றுதான் இருக்கிறது.

எல்எஸ்பிஎல்கே தட்டி எந்தச் சீரியல் வெளியே நிற்கிறது என்று பாருங்கள். டிஸ்க் அடியோடு செத்திருந்தால் பட்டியலிலேயே வராது. அப்போது உயிரோடு இருப்பதன் சீரியலைப் பார்த்து, மற்றதைக் கழற்றுங்கள். இன்னும் தெரிகிறது என்றால் --ஃபெயில், பிறகு --ரிமூவ். கணினியை மூடி, பிளக்கைக் கழற்றி, டேப்பில் உள்ள நான்கு எழுத்தைப் பார்த்து டிஸ்கை எடுங்கள்.

புதியதைக் கொழுவியதும் 5ஆம் படியில் உள்ள எஸ்ஜிடிஸ்க் வரியையே புது டிஸ்குக்கு மட்டும் ஓட்டுங்கள். பழைய டிஸ்கின் பிரிப்பை -ஆர் போட்டுப் பிரதி எடுக்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டளையில் எழுதப்படும் டிஸ்க் முதலில், வாசிக்கப்படும் டிஸ்க் பின்னால் வரும். அவசரத்தில் இரண்டையும் மாற்றித் தட்டினால் நல்ல டிஸ்கின் பிரிப்பு வெறுமையாகிவிடும். அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிபி1

பிறகு 6ஆம் படியில் சொன்ன அதே காத்திருப்பு.

டிஸ்க் இன்னும் சாகவில்லை, 5ஆம் வரியும் 197உம் மட்டும் கூடிக்கொண்டு போகின்றன, போர்டில் இன்னொரு சாட்டா துளையும் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல வழி உண்டு. பழையதைக் கழற்றாமலே புதியதைக் கொழுவி --ஆட் செய்து, --ரீப்ளேஸ் பழையது --வித் புதியது என்று கொடுங்கள். நிரம்பி முடியும்வரை பழையதும் உள்ளே இருக்கும், ஒற்றை டிஸ்கில் தொங்கும் இரவு இல்லை.

ரெய்ட் திறக்கவே இல்லை என்றால், பதற்றத்தில் --கிரியேட்டைத் திரும்ப ஓட்டாதீர்கள். ஒவ்வொரு டிஸ்கிலும் ரெய்ட் தன்னைப் பற்றி எழுதி வைத்திருக்கும் பழைய தலைப்புக் குறிப்பின்மேல் அது புதியதை எழுதும். டிஸ்க் வரிசையோ வேறொன்றோ மாறியிருந்தால் தரவும் சேர்ந்து போகும். செய்ய வேண்டியது --எக்ஸாமின் போட்டு ஒவ்வொரு டிஸ்கின் குறிப்பையும் வாசித்து, ஈவென்ட்ஸ் என்ற எண்ணை ஒப்பிடுவது. அதன் பிறகு எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஸ்கேன். ஈவென்ட்ஸ் எண் பெரிதாக உள்ள டிஸ்கில் உள்ளதுதான் புதிய தரவு.

## 11. இடம் போதாமல் போகும்போது

பெரிய டிஸ்க் இரண்டு வாங்கி, 10ஆம் படியின்படி ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். முதலாவது முழுதாக நிரம்பி [யுயு] வந்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள். இரண்டும் உள்ளே வந்ததும்:

எம்டிஏடிஎம் --குரோ /டெவ்/எம்டி0 --சைஸ்=மேக்ஸ்
ரிசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எம்டி0

லக்ஸ் போட்டவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் கிரிப்ட்செட்அப் ரிசைஸ் ஓட்ட வேண்டும், ரிசைஸ்2எஃப்எஸ்ஸுக்கும் எம்டி0 பெயரை விட்டு லக்ஸ் திறந்த பெயரைக் கொடுக்க வேண்டும். ஈஎக்ஸ்டி4ஐ விரிக்க மவுன்ட்டை எடுக்கத் தேவையில்லை, அலுவலகத்தில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முடியும். கழற்றிய பழைய டிஸ்க் இரண்டில் நல்லதை வெளிப் பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். அதை வேறு வேலைக்குக் கொழுவும் முன் எம்டிஏடிஎம் --ஜீரோ-சூப்பர்பிளொக் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் கொழுவிய கணினி அதைப் பழைய ரெய்டின் துண்டு என்று நினைத்துத் தானாகத் திறக்கப் பார்க்கும்.